ஒரு போசிச் சோறு

கூடாரம் அடித்துத் தங்கப் போகிறவர்களுக்கு ஒரே பாத்திரத்தில் ஆக்கக்கூடிய எளிய உணவுகளைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று நண்பர்கள் சிலர் கேட்டபோது, அதைக் கேலி என்றே முதலில் எடுத்துக்கொண்டோம். மாதம் ஒரு ஞாயிறு கூடிப் புத்தகம் பேசுகிற எங்களைப் போன்றவர்களிடம் சமையல் குறிப்பு கேட்பது, தவில்காரரிடம் தையல் அளவு கேட்பதற்கு ஒப்பானது. ஆனால் கேட்டவர்கள் விடவில்லை. யோசித்துப் பார்த்தபோது எங்களுக்கும் சொல்ல ஒன்று இருந்தது. அது குறிப்பாக மட்டும் நிற்காது என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம்.

நாங்கள் சேவூர்க்காரர்கள். அவினாசிக்கு வடக்கே, புளியம்பட்டி போகிற சாலையில் இருக்கிறது ஊர். வாலீசுவரர் கோயிலும் நிலக்கடலை ஏலமும் இல்லாவிட்டால் வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊரின் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. விடிந்தால் கம்பெனி வண்டிகள் வரிசையாக வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு திருப்பூருக்குப் போகும். இருட்டிய பிறகு கொண்டுவந்து இறக்கிவிடும். எங்கள் கூட்டத்திலும் பாதிப்பேர் பனியன் கம்பெனிக்காரர்கள்தாம். கட்டிங் மாஸ்டர் ஒருவர், தையல் டெய்லர் ஒருவர், செக்கிங்கில் இருக்கிற அம்மையார் ஒருவர், நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர் ஒருவர். மீதிப்பேர் ஆசிரியர், கடலை வியாபாரி, வேலை தேடிக்கொண்டிருக்கும் பட்டதாரி என்று கலந்து கிடக்கிறோம். திருப்பூர் மூச்சுவிடுவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். அந்த விடுமுறையில் ஒரு முறை எல்லாருமாகக் கூடாரம் போட்டுத் தங்கினால் என்ன என்று தோன்றியது. பவானிசாகர் பக்கம் எங்களுள் ஒருவருடைய மாமனார் தோட்டம் இருந்தது. காட்டுக்குள் போகவில்லை, காட்டின் வாடை வரும் தூரத்தில் தங்கினோம்.

தீபாவளி ஐப்பசியில் வரும் என்பதும், ஐப்பசியில் அடைமழை பெய்யும் என்பதும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். படித்ததை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கொண்டுபோன சாமான்களைச் சொன்னால் வாசகர் சிரிப்பார். இரண்டு பை நிறைய மசாலா நூடுல்ஸ் பாக்கெட், வெந்நீர் ஊற்றினால் பிரியாணி ஆகிவிடும் என்று அட்டையில் எழுதியிருந்த டப்பாக்கள் ஏழெட்டு, கையடக்க கேஸ் அடுப்பு ஒன்று, அதற்குச் சிறு உருளைகள் இரண்டு. அரிசி ஒரு பிடிகூடக் கொண்டுபோகவில்லை. அரிசி தினமும் வீட்டில் இருப்பது. கூடாரத்துக்கு ‘வேறு மாதிரி’ உணவுதான் பொருத்தம் என்று எல்லாரும் பேசாமலே ஒத்துக்கொண்டிருந்தோம். முதல் நாள் இரவே ஓர் உருளை தீர்ந்தது. மறுநாள் மாலை, நூடுல்ஸுக்கு உலை வைத்த நேரத்தில் இரண்டாவதும் தீர்ந்தது. பாதி வெந்த மாவுக் கயிறுகள் தண்ணீரில் ஊறிப் பருத்துக்கொண்டே போனதைப் பதினொரு பேர் சுற்றி நின்று பார்த்தோம். விறகெல்லாம் நனைந்திருந்தது.

கூப்பிடு தூரத்தில், கடலை பறித்த காட்டில் ஆட்டுப்பட்டி போட்டிருந்தார்கள். நாங்கள் போய் நின்றதும் பட்டிக்காரர் வீட்டு அம்மா ஒன்றும் கேட்காமல் அரிசியும் பருப்பும் அளந்து கொடுத்தார். காய்ந்த விறகும் கொஞ்சம் கொடுத்தார். “பருப்ப மொதல்ல போடுங்க சாமி, அரிசிய பொறவு போடோணும்” என்று மட்டும் சொன்னார். இந்த இடத்தில், கிராமத்து எளிய மனிதர் ஒருவர் படித்தவர்களுக்கு வாழ்க்கையைக் கற்றுக்கொடுத்தார் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். நம்முடைய சிறுகதைகளில் அப்படி நூறு பேர் வந்து கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. குட்டி ஈனும் நிலையில் ஓர் ஆடு இருந்தது. எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டு அதனிடம் போக வேண்டிய அவசரம் அவருக்கு.

சோற்றை ஆக்கியவர் எங்கள் கட்டிங் மாஸ்டர். பத்து வயதிலிருந்து வீட்டில் சமைக்கிறவர் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். மூன்று கல்லை அவரே தேடி வைத்தார், காற்று வரும் பக்கத்தை ஒரு கல்லால் அடைத்தார், பருப்பு மலர்ந்ததா என்று விரலில் நசுக்கிப் பார்த்தார். ஒன்றேகால் மணி நேரத்தில் அரிசிம்பருப்புச் சோறு தயார். மழை தூறிக்கொண்டிருக்க, தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து, நெய்யில்லாமல், அப்பளமில்லாமல் தின்றோம். எல்லாரும் அவரைப் புகழ்ந்தோம். அவர் சிரித்துக்கொண்டே, “பதினோரு வருசமா கூட்டத்துக்கு வர்றேனுங்க. இன்னைக்குத்தான் என்ர கையில கரண்டி வந்துச்சு” என்றார். அவர் அருந்ததியர்.

அதன் பிறகு நெடுநேரம் யாரும் பேசவில்லை. நாங்கள் சாதி பார்க்காதவர்கள் என்றுதான் எங்களைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தோம். ஒரே பெஞ்சில் உட்காருவோம், ஒரே டீக்கடையில் குடிப்போம், அவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் போயிருக்கிறோம். அங்கே பந்தியில் உட்கார்ந்தோமா, மண்டபத்தில் மொய் எழுதிவிட்டு வந்தோமா என்று அன்று இரவு தனித்தனியே நினைத்துப் பார்த்தோம். மாதக் கூட்டத்துக்கு வீட்டிலிருந்து எதையாவது சமைத்துக் கொண்டுவருவது எங்கள் வழக்கம். ஒருவர் சுண்டல், ஒருவர் கச்சாயம், ஒருவர் ராகி வடை. அவர் மட்டும் எப்போதும் வாழைப்பழமோ கடையில் வாங்கிய மிக்சரோதான் கொண்டுவருவார். சோம்பல் என்று கேலிகூடச் செய்திருக்கிறோம். சோம்பல் இல்லை, முன்யோசனை என்று அன்றைக்குப் புரிந்தது. எங்களை அவமானத்திலிருந்து காப்பாற்றுவதற்காக அவர் பதினோரு ஆண்டுகள் வாழைப்பழம் வாங்கியிருக்கிறார்.

இதைத் தனிமனித மனக்குறையாகச் சொல்லிக் கடந்துவிட முடியாது. 2018 ஜூலையில், எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, அவினாசி ஒன்றியத்தைச் சேர்ந்த திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த ஓர் அம்மையார் சத்துணவுச் சமையலராக வந்தார். அவர் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று ஆதிக்க சாதியைச் சேர்ந்த சிலர் பள்ளியில் திரண்டார்கள். அவரை வேறிடத்துக்கு மாற்றி உத்தரவு வந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பின் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது சேவூர்க் காவல் நிலையத்தில். நாங்கள் நாளும் கடந்துபோகிற காவல் நிலையம் அது. அந்தச் செய்தி வந்த மாதமும் எங்கள் கூட்டம் நடந்தது. கண்டித்துப் பேசினோம். பேசிவிட்டுச் சுண்டல் தின்றோம். அந்த மாதமும் மாஸ்டர் வாழைப்பழம்தான் கொண்டுவந்திருக்க வேண்டும்.

காமராசர் ஆட்சியில் மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவும் விரிந்தபோது, பிள்ளைகளுக்குச் சோறு போடுவதுதான் பெரிய காரியமாகப் பேசப்பட்டது. அதைவிடப் பெரிய காரியம் ஒன்று அதற்குள் ஒளிந்திருந்தது. ஊரில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே உலையிலிருந்து, யாரோ ஒருவர் கையால் உண்கிற ஏற்பாடு அது. நூறு ஆண்டுகளுக்கு முன் சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளைத் தனித்தனியே உட்காரவைத்துப் பரிமாறியதுதான் தமிழக அரசியலையே இரண்டாகப் பிளந்தது என்பதை வாசகர்கள் அறிவார்கள். அங்கே பந்தி, இங்கே கரண்டி. ஒரு பாத்திரச் சமையல் என்கிற சொல்லைக் கேட்டவுடன் பாத்திரம் கழுவுகிற சுலபம் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது என்றால், நினைவுக்கு வருகிறவர் அந்தப் பாத்திரத்தை எந்த நாளும் தொடத் தடையில்லாதவர் என்று பொருள்.

செக்கிங் அம்மையார் சொன்னதையும் இங்கே சேர்த்தாக வேண்டும். அவர் அந்தப் பயணத்துக்கு வரவில்லை. திரும்பி வந்து நாங்கள் அரிசிம்பருப்பின் பெருமையை அளந்துகொண்டிருந்தபோது பொறுமையாகக் கேட்டார். பிறகு, “காலைல அஞ்சு மணிக்கு நான் தினமும் அதைத்தானுங்க ஆக்கறேன். எனக்கு யாரு கூடாரம் போட்டுக் குடுத்தாங்க?” என்றார். ஏழு மணிக்குக் கம்பெனி வண்டி வந்துவிடும். எட்டரைக்கு ஷிப்ட். ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரை வரை. இடையில் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் தனக்கும் காலைக்கும் மதியத்துக்கும் ஆக வேண்டும். அதற்கு அவர் கண்ட வழி குக்கரில் அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டு மூன்று விசில். திருப்பூர் வட்டாரத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு வீதி வழியே நடந்தால், வீட்டுக்கு வீடு குக்கர் சத்தம் கேட்கும். எளிய ஒரு பாத்திர உணவு இந்தப் பகுதியில் எங்கே பிழைத்திருக்கிறது என்று கேட்டால் அந்தச் சத்தத்தைத்தான் காட்டுவோம். விடுமுறையில் ஆண்கள் விறகு ஊதுவது சாகசம், வேலைநாளில் பெண்கள் குக்கர் வைப்பது கடமை என்று பிரித்து வைத்திருப்பதில் உள்ள அநியாயத்துக்குத் தனியாக விளக்கவுரை வேண்டாம்.

பழைய இலக்கியத்தில் இதற்கு ஒரு காட்சி உண்டு. உப்பு வண்டி ஓட்டிச்சென்ற உமணர்கள் வழியில் மாட்டை அவிழ்த்துவிட்டு, கல்லைக் கூட்டிச் சமைத்து உண்டு, இளைப்பாறிப் போய்விடுகிறார்கள். அவர்கள் விட்டுப்போன கல்லடுப்பில், பின்னால் வருகிற வில்லேந்திய ஆறலை மறவர்கள் ஊனைப் புழுக்கித் தின்கிறார்கள். அகநானூற்றில் இருக்கிறது. அடுப்பு ஒன்று, ஆட்கள் வேறு, தொழில் வேறு. நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வுகள் காட்டிய வணிகத்தையும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போன பெருவழியையும் நினைத்துக்கொண்டால், நம் கொங்கு மண்ணிலும் அப்படி எத்தனை ஒழிந்த அடுப்புகள் இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. ‘கேம்பிங்’ நேற்று வந்த சொல்லாக இருக்கலாம். வெட்டவெளியில் ஒரு பானை வைத்துப் பசியாறியவர்கள் இங்கே எப்போதும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் பொழுதுபோக்கப் போனவர்கள் அல்லர் என்பதுதான் வித்தியாசம்.

நவீன இலக்கியத்திலோ விருந்துதான் அதிகம். வாழையிலையும் பதினாறு வகைக் கறியும் பக்கம் பக்கமாக வரும். கரிசல்காட்டுச் சோற்றை எழுதக் கி.ரா. வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்து மண்ணைப் பொறுத்தவரை, ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இலேயே வந்துவிட்டது. ஆனால் பண்ணையத்தில் ஆடு மேய்க்கிற சிறுவர்களின் பசியும் அவர்களுக்கு ஊற்றப்படுகிற சோறும் நாவலின் நடுவுக்கு வர 2000இல் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ வர வேண்டியிருந்தது. உணவைப் பற்றி எழுதுகிறவர்கள் சுவையை எழுதுகிறார்கள். அளந்து ஊற்றுகிற கையையும் ஏந்துகிற கையையும் அந்த நாவலில்தான் நாங்கள் பார்த்தோம்.

சரி, குறிப்புக்கு வருவோம். கேட்டவர்களை ஏமாற்றுவது முறையல்ல.

எங்கள் பக்கம் சமையல் பாத்திரத்தைப் போசி என்போம். பத்துப் பேருக்கென்றால் அகன்ற, அடி கனத்த போசி ஒன்று போதும். பச்சரிசியோ புழுங்கலரிசியோ ஐந்து டம்ளர், துவரம்பருப்பு ஒன்றரை டம்ளர். சின்ன வெங்காயம் அரைக்கிலோ, பூண்டு இரண்டு முழுக்கட்டி, வரமிளகாய் பத்து, சீரகம் இரண்டு கரண்டி, மிளகு ஒரு கரண்டி, மஞ்சள்தூள், கறிவேப்பிலை, தக்காளி நான்கு, கடலெண்ணெய் தாராளமாக. தேங்காய் இருந்தால் பல்லுப் பல்லாகக் கீறிப் போடலாம். சேவூர்க்காரர்கள் என்பதால் இன்னொன்றும் சொல்வோம்: பச்சைக் கடலை உரித்து ஒரு கை போட்டால் அந்தச் சோறு வேறொன்றாகிவிடும். இதற்கு வெளியூரில் மறுப்பு வரலாம், பொருட்படுத்த வேண்டாம்.

பருப்பை ஒரு மணி நேரமாவது ஊறவைக்க வேண்டும். கூடாரச் சமையலில் தோற்றுப்போகிறவர்களில் பாதிப்பேர் இந்த ஒரு மணி நேரத்தில்தான் தோற்கிறார்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகப் பருப்பை ஊறப்போட்டுவிட்டு, பிறகு கூடாரம் அடியுங்கள். எண்ணெயில் சீரகம், மிளகாய், பூண்டு, வெங்காயம், தக்காளி வதக்கி, ஊறிய பருப்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி முதலில் அதை வேகவிடுங்கள். திறந்த பாத்திரமென்றால் அரிசியும் பருப்பும் சேர்ந்த அளவுக்கு மூன்று மடங்கு தண்ணீர் ஆகும். குக்கரில் இரண்டரை மடங்கு போதும். பருப்பு விரலுக்கு மசிகிற பதம் வந்த பிறகே கழுவிய அரிசி. மிளகை ஒன்றிரண்டாகத் தட்டிக் கடைசியில் போட வேண்டும். உப்பையும் பருப்பு வெந்த பிறகு போடுவதே எங்கள் பழக்கம். புளியோ தக்காளியோ அதிகமானால் பருப்பு வேகாமல் அடம்பிடிக்கும். அவசரமென்றால் தக்காளியையும் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். சின்ன வெங்காயம் உரிப்பதுதான் பெரிய வேலை. அதை வீட்டிலேயே உரித்துக் கொண்டுபோகலாம் என்று ஒரு யோசனை வரும். வீட்டில் யார் உரிப்பார்கள் என்பதை அந்த யோசனை சொல்வதில்லை. கூடாரத்தில், போகிறவர்களே, வட்டமாக உட்கார்ந்து உரிப்பதுதான் நியாயம்.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மேலே போகப் போகத் தண்ணீர் கொதிக்கிற சூடு குறையும். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு பாகை. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 93 பாகையை ஒட்டியே தண்ணீர் கொதித்துவிடும். பொங்குகிறதே என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள், பருப்பு கல்லாகவே கிடக்கும். அங்கே குக்கர் கட்டாயம். குக்கர் சுமக்க முடியாதென்றால் துவரையை விட்டுவிட்டுப் பாசிப்பருப்புக்கு மாறிக்கொள்ளுங்கள். கொள்ளை மலைக்குக் கொண்டுபோவது தற்பெருமை. பிரியாணி அதைவிடப் பெரிய தற்பெருமை. தம் போடுவதற்கு நிதானமும் தணலும் வேண்டும், கூடாரத்துக்குப் போகிறவர்களிடம் அவையிரண்டும் இருப்பதில்லை. ரவை உப்புமா விறகும் நேரமும் மிகக் குறைவாகக் கேட்கும். அதை விரும்பி உண்டவர்களை நாங்கள் இன்னும் சந்திக்கவில்லையாதலால் அதைப் பற்றி எழுதவில்லை.

பாசிப்பருப்பு என்றதும் நினைவுக்கு வருவது கம்பெனிகளுக்குப் பக்கத்து அறைகளில் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாப் பக்கத்துப் பையன்கள் ஆக்குகிற கிச்சடி. எட்டுக்குப் பத்து அறையில் ஐந்தாறு பேர். ஓர் அடுப்பு, ஒரு குக்கர். அரிசியும் பருப்பும் மஞ்சளும் உப்பும் போட்டு ஏற்றிவிட்டு, ஓர் உருளைக்கிழங்கை அதிலேயே வேகவைத்துத் தனியே எடுத்து, கடுகெண்ணெயும் பச்சை வெங்காயமும் மிளகாயும் போட்டுப் பிசைந்துகொள்கிறார்கள். தயிர், அப்பளம், நெய், ஊறுகாய் ஆகிய நான்கும் கிச்சடியின் தோழர்கள் என்று அவர்கள் ஊரில் சொல்வார்களாம். இங்கே பெரும்பாலும் ஊறுகாய் மட்டும்தான் தோழன். பீகாரில் சனிக்கிழமைதோறும் கிச்சடி ஆக்குவது பல வீடுகளில் வழக்கம். திருப்பூரிலும் சம்பளம் சனிக்கிழமைதான் என்பதால், எங்கள் நிட்டிங் நண்பர் அதைச் ‘சம்பளக் கிச்சடி’ என்பார். பதினான்காம் நூற்றாண்டில் வந்த இபின் பதூதா, இங்கே மக்கள் பயறும் அரிசியும் சேர்த்து வேகவைத்து நெய்யூற்றிக் காலையில் உண்பதை எழுதிவைத்திருக்கிறார். 2020இல் ஊரடங்கின்போது வேலையும் கூலியும் நின்று, இதே பையன்கள் ஊர்போய்ச் சேர ரயிலுக்குக் காத்துக் கிடந்த நாள்களில், அறை வாசலில் ஏறிக்கொண்டிருந்ததும் இதே குக்கர்தான். எங்கள் அரிசிம்பருப்புக்கும் அவர்கள் கிச்சடிக்கும் வெங்காயமும் பூண்டும் கடலெண்ணெயும் தவிர அதிக வேறுபாடு இல்லை. இதைச் சொன்னால் இருதரப்பிலும் கோபிப்பவர்கள் உண்டு.

பனியன் ஊர்க்காரர்களால் மட்டுமே சொல்லக்கூடிய ஓர் உத்தியையும் சொல்லிவிடுகிறோம். கட்டிங் வேஸ்ட் இங்கே மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். சோறு முக்கால் வேக்காடு வந்து, நன்றாகக் கொதித்துக்கொண்டிருக்கும்போதே மூடியை இறுக்கி அடுப்பிலிருந்து இறக்கி, பனியன் வேஸ்ட் நிரப்பிய சாக்குக்குள் போசியை அப்படியே புதைத்து மேலேயும் வேஸ்ட்டைப் போட்டு அமுக்கிவிட்டால், அரைமணி முக்கால்மணியில் உள்சூட்டிலேயே மிச்சமும் வெந்துவிடும். அடி பிடிக்காது, விறகு பாதியாகக் குறையும். ஐரோப்பாவில் உலகப்போர்க் காலங்களில் வைக்கோல் திணித்த பெட்டிக்குள் இப்படிச் செய்தார்கள். பருத்தி வேஸ்ட்டாகப் பார்த்து எடுக்க வேண்டும்.  சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும், இரவெல்லாம் அதற்குள்ளேயே வைத்துக் காலையில் தின்னக் கூடாது. இந்த உத்தியை எங்களுக்குக் காட்டியவரும் மாஸ்டர்தான். துணியின் குணம் அவருக்குத் தெரியாதா?

நெருப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. மழை வந்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பு வைக்காதீர்கள். கரியோ கேஸோ, மூடிய இடத்தில் எரிந்தால் மணமும் நிறமும் இல்லாத நச்சுக்காற்று சேர்ந்து, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது குற்றம். சத்தியமங்கலம் 2013இல் புலிகள் காப்பகம் ஆன பிறகு அந்தப் பக்கம் ‘ஒரு நைட் காட்டுல தங்கி ஆக்கித் தின்னுட்டு வரலாம்’ என்கிற பேச்சுக்கே இடமில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்தத் தீ எப்படிப் பிடித்தது என்ற வழக்குக்குள் போக வேண்டியதில்லை. கோடையில் காய்ந்த புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். தோட்டம், ஆற்றங்கரைப் பட்டா நிலம், அனுமதியுள்ள தங்குமிடம் ஆகியவை போதும். போகும்போது அடுப்பில் தண்ணீர் ஊற்றிக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். உமணர்கள் கல்லை விட்டுப் போகலாம், நாம் தணலை விட்டுப் போகக் கூடாது.

அந்தப் பயணத்துக்குப் பிறகு கூட்டத்தில் ஒரு சண்டை வந்தது. மாதக் கூட்டத்துக்கு இனி வீட்டிலிருந்து எதுவும் சமைத்துக் கொண்டுவர வேண்டாம், கூட்டம் நடக்கிற இடத்திலேயே ஒரு போசி வைத்து முறைபோட்டு ஒருவர் ஆக்குவது, எல்லாரும் உண்பது என்று ஒருவர் முன்மொழிந்தார். பெரும்பாலோர் உடனே தலையாட்டினோம். ஒரு நண்பர் மட்டும், எட்டு ஆண்டுகளாக வருகிறவர், நன்றாகப் படிக்கிறவர், “எதுக்குங்க வீணா, கடைல வாங்கிக்கலாமே” என்றார். காரணம் கேட்கப்பட்டது. வயிறு சரியில்லை என்றார். அடுத்த மாதமும் வயிறு சரியில்லை. அதற்கடுத்த மாதம் அவர் வரவில்லை. அவரை விட்டுவிடுவதா, அவர் வீட்டுக்குப் போய்ப் பேசுவதா என்பதில் எங்களுக்குள் இன்னும் கருத்து ஒன்றுபடவில்லை. போய்ப் பேச வேண்டாம், தானாக வரட்டும் என்கிறார் மாஸ்டர். போய்க் கேட்டே ஆக வேண்டும் என்கிறார் செக்கிங் அம்மையார். மற்றவர்களாகிய நாங்கள், வழக்கம்போல, இரண்டு பேர் சொல்வதும் சரி என்றுகொண்டிருக்கிறோம்.

பொங்கல் விடுமுறைக்கு மறுபடி அதே தோட்டம். இம்முறை அம்மையாரும் வருகிறார்; வெங்காயம்கூட உரிக்க மாட்டேன், கட்டிலில் உட்கார்ந்து புத்தகம் படிப்பேன், சோறு ஆனதும் கூப்பிட வேண்டும் என்பது அவர் நிபந்தனை. ஒப்புக்கொண்டிருக்கிறோம். பட்டிக்காரர்கள் அந்தப் பக்கம் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து அரிசி எடுத்துப் போகிறோம், பட்ட கடன் இருக்கிறது. முதல் நாள் போசி ஆசிரியருடையது, இரண்டாம் நாள் கடலை வியாபாரியுடையது. இருவரும் இதுவரை அடுப்புப் பற்றவைத்ததே இல்லை. மூன்று டம்ளர் அரிசியும் ஒரு டம்ளர் பருப்பும் வாங்கிப் போய், ஆசிரியர் போன வாரம் வீட்டில் ஒத்திகை பார்த்திருக்கிறார். அடி பிடித்துவிட்டதாம்.